காலிப் பீப்பாய்க்குச் சொன்ன ஆசீர்வாதம்

"சபினாவைப் பத்தி வேடிக்கையா ஒரு கதை சொல்லுங்க சின்னம்மா" என்று ஃபின்டன் என் சமையலறையில் வந்து நின்றபோது என் கையில் கொதிக்கும் கெட்டில் இருந்தது. அதை அவன் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் நல்ல குணத்தால் அல்ல. தேநீருக்கு வேறு வெந்நீர் இல்லை.

ஃபின்டன் பக்கத்து வீட்டு வின்னியின் மகன். டெரிமோர் ஊர் மண்டபத்துக் கமிட்டியின் தலைவன். கோடையில் வெளியூர்க்காரர்கள் கார் கட்டிக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட ஊரில் ஒன்றுமில்லை என்பது அவன் கவலை. அதனால் அந்தக் காலத்தில் வீடு வீடாக நடந்து திரிந்த வழிப்போக்கர்களைப் பற்றி ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறார்களாம்.

"யார் யாரைப் பத்தி?" என்று கேட்டேன்.

"கடிகார லூக், பசுமாட்டுப் பிரசங்கி, அப்புறம் நம்ம பின்நடை சபினா. அவங்கதான் பெரிய அயிட்டம். எங்க பொண்ணு மூணு கோட்டு ஒண்ணுமேல ஒண்ணா போட்டுக்கிட்டு மேடையில பின்பக்கமாவே நடக்கப் போறா. ஒத்திகையிலயே விழுந்து விழுந்து சிரிச்சோம். உங்க வீட்டு வெண்ணெய் கடையற பீப்பாயைக் குடுத்தீங்கன்னா மேடைக்கு எடுப்பா இருக்கும்."

நம்ம சபினா! உயிரோடு இருந்தபோது அவளை நம்ம சபினா என்று சொல்ல இந்தப் பாதையில் ஒரு வாய் இல்லை. அதிலும் என் வீட்டுப் பீப்பாயையும் சபினாவையும் ஒரே மூச்சில் சொல்கிறான். பாவம், அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முக்கியமாக அவனைப் பெற்றவள்.

"எடுத்துட்டுப் போ" என்றேன். "நானும் வரேன்."

கடிகார லூக்கைப் பற்றிச் சிரியுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அவன் கையில் கடிகாரமே கிடையாது. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, தன் மனசில் இருக்கும் மணிக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவான். அவன் வந்துபோன வாரம் முழுக்க ஊரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முந்திப் போவார்கள், பாதிப் பேர் பூசை முடிந்தபின் போவார்கள். பசுமாட்டுப் பிரசங்கி வேலிமேல் ஏறி நின்று மாடுகளுக்கு உபதேசம் செய்வான். "மனுசங்களைவிட இதுங்க எவ்வளவோ மேல், பிரசங்கத்துக்கு நடுவுல இருமாது" என்பான். இவர்களைப் பார்த்து நாங்கள் சிரித்தோம், அவர்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்கு சரி.

சபினா வேறு.

அவள் எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. வந்தவரை அப்படிக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பனிக்காலம் போனதும் வருவாள், சில வாரம் எங்கள் பாதையில் வீடு வீடாகச் சுற்றுவாள், உருளைக்கிழங்கு தோண்டும்போது இன்னொரு முறை வருவாள். நெட்டை உடம்பு. மேலே இருக்கும் கோட்டு ஏதோ ஒரு பட்டாளத்துக்காரனுடையது, அதற்குள் இரண்டு. வாயில் குட்டைக் களிமண் புகைக்குழாய். முட்டை தின்ன மாட்டாள். ஏன் என்று கேட்டால், "அந்தக் கோழி என்னைப் பார்த்துக்கிட்டு நிக்குதே" என்பாள். உள்ளே வந்ததும் வீட்டை ஆசீர்வதிப்பாள், இடுக்கியால் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கை எடுத்துக் குழாயைப் பற்ற வைப்பாள், பிறகுதான் சேதி. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தச் சந்தையில் கன்று நல்ல விலை போனது, எல்லாம் அவளிடம் இருக்கும். ஒரு வீட்டு அழுக்கை இன்னொரு வீட்டில் கொட்டியதே இல்லை. தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல இந்த ஊரில் எத்தனை பேருக்கு யோக்கியதை இருக்கிறது?

கிளம்பும்போதுதான் அந்தப் பின்நடை. வாசலிலிருந்து வீட்டைப் பார்த்தபடியே, முற்றம் தாண்டி, பாதை திரும்பும் வரை பின்பக்கமாகவே நடந்து போவாள். சாணியை மிதிப்பாள், வேலியில் இடிப்பாள், திரும்ப மாட்டாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"சிரி பொண்ணே, சிரி" என்றாள் நடந்துகொண்டே. "சோறு போட்ட வீட்டுக்கு முதுகைக் காட்டக் கூடாது. எனக்கு வேற மரியாதை பண்ணத் தெரியாது."

அவ்வளவுதான் அந்தப் பைத்தியக்காரத்தனம். அதைத்தான் ஃபின்டனின் மகள் மேடையில் ஆடிக் காட்டப் போகிறாள்.

அவளிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. வாசலில் வைத்துக் கொடுத்தால் ஒரு துண்டு ரொட்டி வாங்க மாட்டாள். உள்ளே வந்து அடுப்போரம் உட்கார்ந்து, வீட்டாரோடு சேர்ந்துதான் சாப்பிடுவாள். கதவுக்கு உள்ளே என்றால் விருந்து, வெளியே என்றால் பிச்சை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த வித்தியாசம் ஒன்றுதான். அதைத்தான் எங்கள் ஊர் பறித்தது.

பெரும்பனி விழுந்த வருடம் அது. மார்ச் போயும் வேலியோரத்தில் பனி கிடந்தது. மே மாதம் முதல் நாள் காலையில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்தும் நெருப்பு வெளியே போகக் கூடாது. பாலும் உப்பும் கூடத்தான். போனால் அந்த வருடத்து வெண்ணெய் முழுக்க அதோடு போய்விடும் என்பார்கள். என் மாமியார் ஒனோரா அன்றைக்குப் புகைபோக்கியைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பாள்.

சபினாவுக்கு இந்த வழக்கம் தெரியாதா? எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் காலண்டர் வைத்துக்கொள்ள அவளுக்குச் சுவர் ஏது? வேலி முள்மரம் வெள்ளையாகப் பூத்தால் மே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வாள். அந்த வருடக் குளிரில் ஒரு மொட்டு விடவில்லை. அவளைப் பொறுத்தவரை அது இன்னும் ஏப்ரல். வழக்கம்போல உள்ளே வந்தாள், ஆசீர்வதித்தாள், கங்கை எடுத்துப் பற்ற வைத்தாள். என் கணவர் மைல்ஸ் வெளியே கன்று போட்ட மாட்டோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டு, ஒத்தாசைக்கு எழுந்து ஓடினாள். வாயில் குழாய் புகைந்துகொண்டிருந்தது.

ஒனோரா போட்ட கூச்சலில் மாடே மிரண்டது. "நெருப்பைக் கொண்டு போறாடி! மே காலையில நெருப்பைக் கொண்டு போறா!"

சபினா முற்றத்தில் அப்படியே நின்றாள். வாயிலிருந்து குழாயை எடுத்துப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள்.

"முள்ளு இன்னும் பூக்கலியே ஒனோரா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வாரம் வெண்ணெய் திரளவில்லை. எப்படித் திரளும்? பாலேடு வைக்கும் அறை ஐஸ் மாதிரிக் கிடந்தது. ஏடு குளிர்ந்து போனால் நாள் முழுக்கக் கடைந்தாலும் நுரைதான் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வின்னி வீட்டிலும் திரளவில்லை, மேட்டு வீட்டு மாலக்கி வீட்டிலும் திரளவில்லை. எல்லோர் வீட்டிலும் அதே குளிர். ஆனால் வின்னி என்ன சொன்னாள் தெரியுமா?

"பார்த்தீங்களா, உங்க வீட்டு நெருப்பை வெச்சு ஊர் வெண்ணெயையே வழிச்சுட்டுப் போயிட்டா."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். எங்கள் ஊரில் மதி புல் மேயப் போயிருந்தது.

அடுத்த முறை கடைய வேண்டிய நாளில், ஒனோரா மைல்ஸைக் கூட்டிக்கொண்டு பாதை முனைக்குப் போனாள், சபினா வந்தால் திருப்பி அனுப்ப. நான் அந்த நேரத்தில் ஏட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். என் அம்மா வீட்டில் அப்படித்தான் செய்வோம். இளஞ்சூடு ஏறியதும் பீப்பாயில் ஊற்றி, மேலும் கீழும் குத்திக் கடைகிற மத்தைப் பிடித்தேன். அவர்கள் திரும்பி வரும்போது மஞ்சள் மஞ்சளாகத் திரண்டு நின்றது வெண்ணெய்.

ஒனோரா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். "பாத்தியா டெல்யா? அவளை அந்தப் பக்கம் திருப்பி விட்டோம், இந்தப் பக்கம் வெண்ணெய் வந்துருச்சு."

"அய்யோ அத்தை, ஏட்டை அடுப்புக்கிட்ட வெச்சேன். சூடு ஏறுனதால வந்துச்சு."

"நீ நேத்து வந்தவ, உனக்கு என்ன தெரியும்?"

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று மைல்ஸைப் பார்த்தேன். மைல்ஸ் நல்லவர். எங்கள் ஊரில் நல்லவர் என்றால் வாயைத் திறக்காதவர் என்று அர்த்தம். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் மரத்தை உலுக்கியது என் கை! நான் திரட்டிய வெண்ணெயையே சாட்சியாக வைத்து அவளைக் குற்றவாளி ஆக்கினார்கள். வின்னி வீட்டுக்கும் மாலக்கி வீட்டுக்கும் போய்க் கத்தினேன். "புதுப் பொண்ணு, ஈரமனசு" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

சரி, அவளை வராதே என்று நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பாதை முனையில் ஒனோராவுக்கே அந்த வார்த்தை வாயில் வரவில்லையாம். வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று பொய் சொல்லித் திருப்பியிருக்கிறாள். எங்கள் மண்ணில் வழிப்போக்கரை வாசலில் நிறுத்தி விரட்டினால் பாவம், அந்தச் சாபம் ஏழு தலைமுறைக்கு இறங்கும். பாவமும் வரக் கூடாது, சபினாவும் வரக் கூடாது. வின்னி வழி கண்டுபிடித்தாள்.

"கதவைத் திறந்தே வைங்க" என்றாள். "நடுவுல பீப்பாயைப் போட்டுக் கடைங்க. அவளே போயிருவா."

விளங்கவில்லையா? கடைகிற வீட்டுக்குள் யார் வந்தாலும், வேலையை ஆசீர்வதித்துவிட்டு மத்தை வாங்கி ஒரு கை போட வேண்டும். போடாமல் நின்றால் வெண்ணெயின் அதிர்ஷ்டத்தைத் திருட வந்தவர். சபினாவோ வெண்ணெய் திருடி என்று பெயர் வாங்கியவள். மத்தைத் தொட்டால் சூனியம் வைத்தாள் என்பார்கள், தொடாவிட்டால் திருட வந்தாள் என்பார்கள். ஆக, கதவு திறந்திருக்கும், அவளால் படி ஏற முடியாது. ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. கைக்கும் நாக்குக்கும் கறை படாத ஏற்பாடு.

பாதையில் அந்தப் பட்டாளக் கோட்டு தெரிந்ததும் வீடு வீடாகப் பீப்பாய் நடுவுக்கு வந்துவிடும். தினமும் கடைய ஏடு எங்கே இருக்கிறது? அதனால் காலிப் பீப்பாய். கவனியுங்கள். பெரிய பெரிய பெண்கள், பூசைக்குத் தவறாதவர்கள், வியர்க்க விறுவிறுக்கக் காலிப் பீப்பாயைக் கடைந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்த அன்று நான் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையில் சுமந்துகொண்டு கொல்லைப்பக்கமிருந்து வந்தேன். மழை தூறியது. சபினா வாசலில் நின்றாள். உள்ளே ஒனோரா தலையைத் தூக்காமல் குத்திக்கொண்டிருந்தாள். ஏடு இருந்தால் சளப் சளப் என்று நிறைவாகக் கேட்கும். இது டொக், டொக் என்று பெட்டியில் ஆணி அடிக்கிற சத்தம். இந்தப் பாதையில் எத்தனையோ வருடம் மத்துப் பிடித்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

சபினா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தலையைக் குனிந்து, "கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்றாள்.

காலிப் பீப்பாயை ஆசீர்வதித்தாள்! ஒனோராவின் கை நிற்கவில்லை.

நான் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி ரொட்டியையும் இறைச்சித் துண்டையும் துணியில் சுற்றிக்கொண்டு பாதைக்கு ஓடினேன். "இதையாவது வாங்கிக்கங்க அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்."

அவள் துணியைத் தொடவில்லை, என் கையைத்தான் தொட்டாள். "உள்ள உக்காந்து சாப்பிட்டா விருந்து பொண்ணே. பாதையில நின்னு வாங்குனா பிச்சை. பிச்சைக்காரியா மாற எனக்கு இன்னும் வயசு பத்தாது."

"அப்ப என்கூட உள்ள வாங்க. யார் என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். "அது உன் வீடு ஆகட்டும். அப்ப வரேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஆமாம், திரும்பினாள். எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லோரையும் போல நேராக நடந்து போனாள். எதிலும் இடிக்கவில்லை. எங்கள் முற்றத்திலிருந்து அவள் நேராக நடந்து போனதைப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் அவள் வரவில்லை. போக்கிடம் இல்லாதவர்களை அடைத்துவைக்கும் மாவட்டத்து விடுதிக்குத் தானே நடந்து போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சேதி வந்தது. வழிப்போக்கர்கள் சாவுக்குக்கூட அப்படிப் பயப்பட மாட்டார்கள், அந்த விடுதிக்குப் பயப்படுவார்கள். பிப்ரவரி முதல் நாள் வரும் பிரிஜித் திருநாளுக்கு முன்பே இறந்துபோனாளாம். நான் கேள்விப்பட்டுப் போவதற்குள் விடுதிக்குப் பின்னால், பேர் இல்லாத மேடுகளில் ஒரு மேடாகிவிட்டாள். எது அவள் என்று காட்டக்கூட அங்கே ஆள் இல்லை. ஒனோரா அதற்குப் பிறகு நெடுநாள் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, பாதிரியார் கைப்பிடிக்கச் செத்தாள். வீடு என்னுடையது ஆனது. வர வேண்டியவள் இல்லை.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன்.

நிகழ்ச்சி மாலையில் என் பீப்பாயைத் துடைத்து, மேடையில் காகிதப்பூவெல்லாம் சுற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஃபின்டனின் மகள் மூன்று கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டு நின்றாள். நான் ஃபின்டனிடம் போனேன்.

"தம்பி, பீப்பாயை வாசல்ல வைக்கச் சொல்லு. வர்றவங்க ஆளுக்கு ஒரு கை போட்டுட்டு உள்ள வரட்டும். அதுதான நம்ம வழக்கம்?"

"அட, பிரமாதம் சின்னம்மா! போட்டோவுக்கும் நல்லா இருக்கும்!"

வாசலில் வைத்தார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இளசுகள் சிரித்துக்கொண்டே குத்திவிட்டுப் போனார்கள். டொக், டொக். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். மாலக்கி தடியை ஊன்றிக்கொண்டு மேட்டிலிருந்து வந்தவன், சத்தம் காதில் விழுந்ததும் வாசலுக்கு வெளியே நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான், வந்த வழியே திரும்பிப் போனான்.

பிறகு ஃபின்டன் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். பட்டுக் கழுத்துத்துணி, உதட்டில் சாயம், முன்வரிசையில் அவளுக்கென்று இடம். வின்னிக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாக வேலை செய்கிறது.

நான் மத்தைத் தூக்கி அவள் கைக்கு நேராக நீட்டினேன். "பிடிங்க அக்கா. ஒரு கை போட்டுட்டு உள்ள போங்க."

அவள் கையை மடியில் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்டி. அது காலி."

"அப்பவும் காலிதான் அக்கா."

ஃபின்டன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "என்ன காலி? என்னம்மா சொல்றாங்க?"

வின்னி வாயைத் திறக்கவில்லை. ஆகவே நான் திறந்தேன். வேடிக்கைக் கதை கேட்டாயே தம்பி, கேள் என்று, எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், உங்களுக்குச் சொன்ன அத்தனையும் சொன்னேன். முள்மரம், குழாய், அடுப்போரம் வைத்த ஏடு, யார் சொன்ன யோசனை, யார் யார் வீட்டில் கடைந்தார்கள் என்பது வரை. மூன்று கோட்டுப் பெண் ஒவ்வொன்றாகக் கோட்டைக் கழற்றி மேடையிலேயே போட்டாள். அவள் வயதுக்கு அந்தப் புத்தி இருந்தது.

நான் முடித்ததும் எல்லோரும் வின்னியைப் பார்த்தார்கள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. நானும்கூட ஒரு நொடி எதிர்பார்த்துத் தொலைத்தேன்.

வின்னி தலையை நிமிர்த்தினாள். "நெருப்பைக் கொண்டு போனாளா இல்லியா?" என்றாள். "அதைச் சொல்லு முதல்ல. மே காலையில நெருப்பைக் கொண்டு போனாளா இல்லியா?"

முன்வரிசையில் இரண்டு கிழத் தலைகள் ஆமாம் என்று ஆடின.

இவர்களோடு இனி என்ன பேச்சு? மத்தைப் பிடித்து நானே ஒரு குத்து குத்தினேன். டொக் என்றது. அவர்கள் ஒருவர் வாயிலிருந்தும் வராத ஆசீர்வாதத்தை, அவள் சொன்ன அதே வார்த்தைகளில், அந்தக் காலிப் பீப்பாய்க்கு நான் சொன்னேன். பிறகு மண்டபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தேன்.